இந்த மாதக் கேள்வி

கப்பல் துறைமுகத்தை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. கரை கண்ணுக்குத் தெரியும்வரைதான் சிக்னல். அதன் பிறகு இருபத்து நான்கு நாள் தண்ணீர் மட்டும்.

ஃபிட்டரின் போன் காலையில் எஞ்சின் அறைத் தொட்டியில் விழுந்து செத்துப்போயிருந்தது. சமையல்காரரின் போனைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு மேல்தளத்துக்கு வந்தான். மனைவியை அழைத்துப் பயனில்லை. ஆறு மணிவரை அவள் போன் தையல் ஆலையின் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். மகள் பள்ளி விட்டு வந்திருப்பாள். டேப்லெட் அவள் மடியில்தான் இருக்கும்.

அழைத்தான். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தான். எழுதினான்.

"வாலு, அப்பாதான்டா. என் போன் போச்சு. இது சமையல்கார மாமா போன். எடு."

"இந்த மாசக் கேள்வி கேக்கணும்" என்று எழுத்தில் பதில் வந்தது.

சமையல்காரர் எட்டிப் பார்த்தார். "என்னய்யா, சொந்தப் பொண்ணோட பேசறதுக்குப் பரீட்சையா?"

"நான் போட்ட சட்டம்தாண்ணே."

அவன்தான் சொல்லிக்கொடுத்தது. புது நம்பரில் யார் வந்தாலும் பேசாதே. அப்பா என்று சொன்னாலும், அப்பா குரலே கேட்டாலும், முகமே தெரிந்தாலும். இப்போது அதையெல்லாம் போலியாகச் செய்துவிடுகிறார்கள். நமக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேள். ஒரே வாய்ப்பு. தப்பென்றால் பிளாக். கேள்வியை மாதா மாதம் மாற்று.

"கேளுடா."

"நீங்க கிளம்பின அன்னிக்கு உங்க பையில நான் என்ன ஒளிச்சு வெச்சேன்?"

அவனுக்குத் தெரியாது.

போன வாரம் வீடியோ அழைப்பில் கேட்டிருந்தாள். "பையில இருந்ததைப் பார்த்தீங்களாப்பா?" கையெல்லாம் கிரீஸ். கீழிருந்து யாரோ கத்திக் கூப்பிட்டார்கள். "பார்த்தேன்டா, சூப்பர்" என்றான். அவள் சிரித்தாள். "அப்ப அதுதான் அடுத்த கேள்வி. சத்தமா சொல்லிடாதீங்க." அவளுக்குப் பின்னால் மனைவி பீரோவைக் குடைந்துகொண்டிருந்தாள். "ஒத்தை ஸ்கூல் சாக்ஸை வெச்சுக்கிட்டு நான் என்னடி பண்ண? இன்னொண்ணு எங்க?"

பை கீழே அறையில் இருந்தது. அங்கே சிக்னல் இல்லை.

"ரெண்டு நிமிஷம் இருடா."

"எதுக்கு? அப்பாதான் பார்த்துட்டாரே."

கரை ஒரு கோடாகியிருந்தது.

"நீ வரைஞ்ச படம்" என்று எழுதினான்.

"தப்பு. எங்க அப்பா பார்த்துட்டேன்னு சொன்னார். நீங்க அவர் இல்ல."

அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த படம், முன்பல் இல்லாமல் சிரிக்கும் படம், மறைந்தது. சாம்பல் வட்டம் மட்டும் நின்றது.

"என்ன ஆச்சு?"

"பிளாக் பண்ணிட்டா."

"கெட்டிக்காரி. என் பையனா இருந்தா யார் கேட்டாலும் வீட்டுச் சாவி இருக்கிற இடத்தைக்கூடச் சொல்லிடுவான்."

ஃபிட்டர் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. ஆறு மணிக்கு மேல் அம்மா சொல்லி மகளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். அப்போது அழுவாள். அழுகையை நிறுத்த அவன் இருக்க மாட்டான்.

மனைவிக்கு எழுதினான். "புது நம்பர்ல வந்தது நான்தான். வாலு செஞ்சது சரி. திட்டாதே. அவ அழுதா, அப்பா சந்தோஷப்பட்டார்னு சொல்லு."

போய்ச் சேர்ந்தது.

பிறகு கீழே ஓடினான். பையைக் கட்டிலில் கவிழ்த்தான். சட்டைகளை உதறினான், ஓரப் பைகளைத் துழாவினான். ஒன்றுமில்லை. அடியில் செய்தித்தாளில் சுற்றிய கறுப்பு ஷூ. வீடு திரும்பும் நாளில் மட்டும் போடுவது. பிரிக்கவே இல்லை. இடது ஷூவின் நுனிக்குள் விரல் மெத்தென்று எதிலோ பட்டது.

சாக்ஸ். நீலக் கோடு போட்டது. குதிகால் தேய்ந்தது. ஒன்று.

மேலே வந்தபோது கரை இல்லை. இருந்தாலும் மனைவிக்கு எழுதினான். "அந்த சாக்ஸைத் தேடாதே." பக்கத்தில் சின்னக் கடிகாரம் வந்து உட்கார்ந்தது. செய்தி போகவில்லை.

"போனைக் குடுய்யா, ராத்திரிக்கு எத்தனை பேர்னு அதுலதான் எழுதி வெச்சிருக்கேன்."

"ஒரு நிமிஷம்ணே."

சாக்ஸுக்குள் கையை விட்டான். நான்கு விரல்கள் போயின. கட்டைவிரல் போகவில்லை.