அரசப்பன் இல்லாமல் ஒரு சின்னப்பொண்ணு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது என் கதை இல்லை. கம்ப்யூட்டர் சிறப்பிதழுக்குக் கதை கேட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரே கம்ப்யூட்டர் ரயில் நிலையத்து எடை பார்க்கும் இயந்திரம். ஆகவே கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் எதிரே உட்கார்ந்து வந்த ஜபீன் சொன்னதைத் திருடினேன். பழவேற்காட்டுப் பெண், சிப்காட் இரும்பு ஆலை ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவு, கேட் பாஸ் அடிக்கும் வேலை. நடந்தது போன மாதம், அதாவது 2006 ஜூனில்.

2

தொடக்கம் ஒன்று: "உலைகள் கனன்றுகொண்டிருந்த அந்தக் காலையில்..." [வேண்டாம். உலையை நான் பார்த்ததே இல்லை.]

தொடக்கம் இரண்டு: சின்னப்பொண்ணு கேட்டில் நின்றாள்.

இது உண்மை, இருக்கட்டும். ஆலையில் இரும்புத் தூசி கூட்டுபவள், பல வருடமாக. அவளை வேலைக்கு வைத்த காண்ட்ராக்டர் அரசப்பன், ஆலையோடு சண்டை போட்டுக்கொண்டு லைசென்சோடு போய்விட்டார். மாதம் பிறந்தால் பழைய பாஸ் செல்லாது, அதற்குள் புது பாஸ் அடிக்க வேண்டும். கேட்டில் ஒரு வழக்கம் உண்டு: தெரியாத இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுவார்கள். அப்பா பெயர் புள்ளி, முகவரி புள்ளி. பாதி ஆலை புள்ளிக்குப் பிறந்ததுதான். காண்ட்ராக்டர் பெயரில் மட்டும் மென்பொருள் புள்ளியை ஏற்கவில்லை.

"இன்னாமா, பாஸ் வருமா வராதா?"

"இரு அக்கா, பாத்துக்கினுதான் கீறேன்" என்றாள் ஜபீன்.

3

இனி கொஞ்சம் கட்டுரை. கொட்டாவி விடுவோர் விடலாம்.

அந்த மென்பொருளில் 'தொழிலாளி' என்று ஒரு கிளாஸ், அதாவது ஆள் வார்க்கும் அச்சு, இருக்கிறது. அதிலிருந்து ஓர் ஆளை உண்டாக்கும் வழிக்குக் கன்ஸ்ட்ரக்டர் என்று பெயர். அது கேட்பதையெல்லாம் கொடுத்தால்தான் ஆள் பிறப்பார். எழுதிக் கொடுத்த கம்பெனி மூடிவிட்டது, மூலநிரலும் இல்லை. ஆனால் ரிஃப்ளெக்‌ஷன் என்றொரு வித்தை உண்டு. கிளாஸிடமே போய், "உன்னிடம் எத்தனை கன்ஸ்ட்ரக்டர், ஒவ்வொன்றும் என்ன கேட்கும்?" என்று விசாரிக்கலாம். வெளியாருக்கு மூடி வைத்ததையும் காட்டும். துணிந்தால் அதையே கூப்பிடவும் செய்யலாம்.

(எழுத்தாளர்களை இப்படி விசாரித்தால் மானம் போய்விடும். ஏழைப் பெண் பாத்திரமா? குடிகாரக் கணவன் கட்டாயம். நானும் ரயிலில் நடுவே மறித்து, "அவள் கணவன் குடிப்பானா?" என்று கேட்டேன். "இல்ல சார், ஊத்துக்கோட்டைல காய்கறி யாவாரம். ஊட்ல சமையலே அவருதான்." நான் விடவில்லை, கடனாவது இருக்குமே என்றேன். அதற்குள் கவரைப்பேட்டை போய்விட்டது.)

4

ஜபீன் அப்படி விசாரித்ததில் நான்கு கன்ஸ்ட்ரக்டர்கள் வந்தன. மூன்று காண்ட்ராக்டர் பெயர் கேட்டன. மூடி வைத்திருந்த நான்காவது, பெயரும் பிரிவும் மட்டும் கேட்டது. ஜபீன் பணியாளர் அதிகாரி ஜோசப்பிடம் ஓடினாள்.

"சார், காண்ட்ராக்டர் இல்லாம ஆள் போட ஒரு வழி கீது."

"தெரியும்மா. அத்த மூடச் சொன்னதே நான்தான்."

"ஏன் சார்?"

"அதுல பாஸ் அடிச்சா அந்தம்மா நேரா கம்பெனி ஆளு. பின்னாடியே மொத்த பேரும் வந்து நிப்பாங்க. திங்கக்கிழமை புது காண்ட்ராக்டர் வராரு, அவரு பேர்ல போட்டுக்கலாம்."

"அப்ப இத்தினி வருசம் சர்வீஸு?"

"மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும்." ஜோசப் குரலைத் தாழ்த்தினார். "ஒன் கார்டயும் ஒருதபா திருப்பிப் பாத்துக்கோ."

கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதால் தன்னைக் கம்பெனி ஆள் என்றே ஜபீன் நம்பியிருந்தாள். கழுத்துக் கார்டைத் திருப்பினாள். காண்ட்ராக்டர்: அரசப்பன். மறுநாளோடு அதுவும் முடிகிறது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். நான்காவது கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடும் வரியைத் தட்டினாள். இரண்டு பெயர், ஒன்று தன்னுடையது. எண்டர் மட்டும் பாக்கி.

5

முடிவு ஒன்று: தட்டினாள், இரண்டு பாஸ் வந்தன, ஆலையே கைத... [நானே நம்பவில்லை.]

முடிவு இரண்டு: அழித்தாள். திங்கட்கிழமை இருவரும் புதிதாகப் பிறந்தார்கள். [நம்புகிறேன். எழுதக் கை வரவில்லை.]

உண்மையில் என்ன ஆனது? அதற்குள் பொன்னேரி வந்துவிட்டது, ஜபீன் இறங்கிவிட்டாள். இல்லாத குடிகாரனைத் தேடிய நேரத்தில் நான் முடிவைத் தொலைத்தேன்.

இறங்கும்போது அவள் கழுத்தில் புதுக் கார்டு ஒன்று ஆடியது. எனக்குத் தெரிந்தது முன்பக்கம், வெறும் புகைப்படம். சாயங்கால ரயிலில் நீங்கள் போனால் அவள் எதிரே உட்காருங்கள். கணவனைப் பற்றிக் கேட்காதீர்கள். கார்டைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.