அகஸ்ரீனா தெரிந்தெடுத்த மேடு

1

"அம்மா, நீங்கள் முந்தி மூண்டு மாசம் கூடாரத்திலை இருந்தனீங்கள்தானே. அங்கை நீச்சல் குளம் இருந்ததோ?"

இந்தக் கதை இந்தக் கேள்வியிலிருந்து வந்தது. 1998ஆம் ஆண்டு ஜூன் மாதம், இத்தாலியின் பலெர்மோவில், தமிழ்ப் பூசை முடிந்து கத்தோலிக்கக் கோவில் மண்டபத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். கேட்டவள் மொனிகா. ஆறு வயது, இங்கே பிறந்த பிள்ளை. தாய் அகஸ்ரீனா மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து மடு மாதா கோவில் வளவில் கூடாரத்தில் இருந்ததை யாரோ கதைக்கக் கேட்டிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த கூடாரமோ, வகுப்புப் பிள்ளைகள் விடுமுறைக்குப் போய்த் தங்கும் கம்பெஜ்ஜோக் கூடாரம்.

எல்லோரும் சிரித்தோம். அகஸ்ரீனாவும் சிரித்தாள். பிறகு, கழுவிக் கவிழ்த்து வைத்த கோப்பைகளை எடுத்து இன்னொரு தரம் கழுவினாள்.

நான் சிரித்ததற்கு மன்னிப்பாகத்தான் இதை எழுதுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தொண்ணூறாம் ஆண்டு, குண்டுகள் விழத் தொடங்கியபோது" வெட்டிவிட்டேன். குண்டுகளை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

அடுத்து: "சிசிலியின் பொன்னிறக் கோதுமை வயல்கள் காற்றில்" அதையும் வெட்டினேன். அறுவடை முடிந்து வயலெங்கும் அடிக்கட்டை குத்திக்கொண்டு நின்ற காலம் அது. பொய்யாகத் தொடங்கினால் கடைசிவரை பொய்தான்.

நேரே சொல்கிறேன். அகஸ்ரீனாவின் கணவன் பவுல் வேலை செய்யும் வீட்டு சின்யோரா, பழைய நீலக் கூடாரம் ஒன்றையும் கூடாரம் அடிக்க இடம் தரும் கம்பெஜ்ஜோக்களின் விபரம் அடங்கிய தடித்த புத்தகம் ஒன்றையும் கொடுத்தாள். ஓகஸ்ட் கடைசியில் நாலு நாள் போவோம் என்று பவுல் மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். அகஸ்ரீனா இரண்டு கிழமை அந்தப் புத்தகத்தைப் புரட்டினாள். பிறகு சொன்னாள்:

"போவம். ஆனா இடம் நான்தான் பாப்பன்."

3

வியாழக்கிழமைகளில் கூட்டாளி விமலராஜின் காரை இரவல் வாங்கித் தாய், தகப்பன், மகள் மூவரும் இடம் பார்க்கப் போனார்கள். (வீட்டு வேலை செய்யும் எங்கள் சனத்துக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் சொந்தம். அதிலும் ஞாயிறு ஆண்டவருக்கு.)

மொண்டெல்லோக் கடற்கரைப் பக்கத்து இடம் வெறும் மணல். கூடார முளை நிற்காது என்றாள் அகஸ்ரீனா. இரண்டாவது இடத்துக்குப் புத்தகம் நாலு நட்சத்திரம் போட்டிருந்தது. வற்றிய ஆற்றின் ஓரம், நிழல், வெந்நீர், நீச்சல் குளம். மொனிகா குளத்தைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டாள்.

"இஞ்சை என்னப்பா குறை?" என்றான் பவுல்.

"இது தண்ணி வாற வழி."

"ஆறே காஞ்சுபோய்க் கிடக்கு. ஓகஸ்ட் மாசத்திலை தண்ணிக்கு நான் எங்கை போறது?"

"காஞ்சாலும் வழி வழிதானே. கல்லெல்லாம் ஒரே பக்கம் சரிஞ்சு கிடக்கிறதைப் பாருங்கோ."

"உம்மோடை கம்பெஜ்ஜோ பாக்க வந்தது, காணி வாங்க வந்த மாதிரிக் கிடக்கு."

மூன்றாவது, நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் உள்ளே, ஒரு விவசாயியின் கோதுமைக் காணி. மேலே களஞ்சியத்தடியில் படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள காம்ப்பர் வண்டிகள் நின்றன. கூடாரங்களுக்குக் கீழே சரிவு. ஒரு குழாய். ஒரு நட்சத்திரம். அகஸ்ரீனா குடிக்கிற தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு மேட்டில் ஊற்றினாள். அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குந்தியிருந்து பார்த்தாள்.

"இதுதான்."

மொனிகா காருக்குள் இருந்து அழுதாள். "நீங்கள் எனக்கெண்டு தெரிஞ்செடுக்கேல்லை!"

4

இந்த இடத்தில் எனக்கே அகஸ்ரீனாவோடு கோபம் வந்தது. நல்ல தாய் குளம் உள்ள இடத்தைத்தானே எடுத்திருப்பாள்? அவளைக் கொஞ்சம் இளக்கி எழுதிப் பார்த்தேன். அவள் இளகவில்லை. நாலு நாளுக்குப் பத்துக் கிலோ அரிசி கட்டினாள். கடவுச்சீட்டுகள், வதிவிட அனுமதி, மொனிகாவின் ஞானஸ்நான அத்தாட்சி எல்லாவற்றையும் இரட்டைப் பொலித்தீன் பையில் சுற்றித் தலையணைக்குள் வைத்தாள்.

"நாலு நாளுக்கோ, நாலு வருசத்துக்கோ?" என்றான் பவுல். அவள் சிரிக்கவில்லை.

ஏன் என்று நான் சொல்லவேண்டும். அவளே ஒருநாள், வெங்காயம் உரித்தபடி எனக்குச் சொன்னது.

மடுவில் மாரி தொடங்கிய நேரம். அவளுக்கும் தங்கச்சி கிளறாவுக்கும் காய்ச்சல். இருவரும் மருந்து வரிசையில் நின்றபோது மழை கொட்டியது. பள்ளத்துக் கூடாரங்களெல்லாம் வெள்ளம். எல்லாம் போயிருக்கும் என்று வந்து பார்த்தால், இவர்களுடைய பாய்கூட நனையவில்லை. கூடாரத்தைச் சுற்றி யாரோ வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். மண்வெட்டி இல்லாத யாரோ. விளிம்பெல்லாம் தேங்காய்ச் சிரட்டையால் கிண்டிய அரைவட்டங்கள். ஒவ்வொரு கூடாரமாகக் கேட்டும் ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எட்டு வருசமாச்சு. ஆரெண்டு தெரிஞ்சா ஒரு தேத்தண்ணியாவது குடுத்திருப்பன்" என்றாள்.

5

மேட்டில் அவர்கள் கூடாரம் அடித்த அன்றே, கீழே பள்ளத்தில் மொரிசியஸ்காரர் தேவெனும் மனைவி கொலெட்டும் தங்கள் கூடாரத்தை அடித்தார்கள். மகள் கியாராவுக்கு மொனிகாவின் வயது. (தேவெனின் பாட்டன்மார் தமிழர். அவனுக்குத் தமிழ் வராது. இத்தாலியனில் பேசியதைத்தான் எழுதுகிறேன்.)

"தம்பி, அந்த இடம் வேண்டாம். மழை வந்தால் தண்ணீர் நிற்கும்."

"மழையா? சின்யோரா, நீங்கள் குடையும் கொண்டுவந்தீர்களா?"

"இரண்டு கொண்டுவந்தேன்" என்றாள் அகஸ்ரீனா. கொலெட் விழுந்து விழுந்து சிரித்தாள்.

செப்டெம்பரில் பல்லரோச் சந்தையில் மீன்கடைக்கு முன்னால் தேவெனை நான் கண்டேன். அந்தப் பயணத்தைப் பற்றிப் பெருமையாகச் சொன்னான். மூன்றாம் நாள் பொழுதுபடப் பெரிய மழையாம். இவனுடைய கூடாரத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லையாம்.

"அந்த சின்யோராவிடமே சொன்னேன், நான் தெரிந்தெடுத்த இடம் எப்படி என்று. நல்ல இடம்தான் என்று ஒத்துக்கொண்டார். கூடாரத்தைக் கழற்றும்போது பார்த்தால் பின்பக்கம் சின்ன வாய்க்கால் மாதிரி ஒன்று. விளிம்பெல்லாம் வட்டம் வட்டமாக. ஏதோ மிருகம் கிண்டியிருக்கவேண்டும். அதிர்ஷ்டம்!"

நான் மீனைக்கூட வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

6

முடிவுக்கு வந்துவிட்டோம். தேவென் உண்மையை அறிந்து ஓடிவந்து அவள் கையைப் பிடிப்பதாக ஒன்று எழுதினேன். கிழித்துவிட்டேன். பவுல் தற்செயலாகக் காண்பதாக எழுதினேன். அதுவும் சரிவரவில்லை. யாராவது கண்டால் அது திருப்பிக் கொடுத்ததாகாது. அவளுக்குக் கிடைத்ததும் யாரும் காணாமல்தானே கிடைத்தது.

மொனிகாவின் கேள்விக்கு அவள் என்றைக்காவது பதில் சொன்னாளா? "கூடாரத்தைச் சுத்தி ஒரு குட்டி ஆறு ஓடினது, பிள்ளை" என்று சொல்லியிருக்கலாம். தலையைத் தடவிவிட்டுப் போயிருக்கலாம். அதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வீர்களோ அப்படி.

யாரும் காணாததை நீ எப்படி எழுதுவாய் என்று கேட்கலாம். நியாயம்தான். வாசித்து முடிந்ததும் நீங்களும் காணாதவர்போல இருந்துவிடுங்கள்.

மூன்றாம் நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்தது. தேவெனின் காரில் எல்லோரும் பக்கத்து ஏரிக்குக் குளிக்கப் போனார்கள். மொனிகா முன்னுக்கு ஓடி ஏறினாள். தனக்குத் தலையிடி என்றாள் அகஸ்ரீனா. களஞ்சியத்தடிக் காம்ப்பர் வண்டிகள் யன்னல் சாத்தி உறங்கின. மலைக்குப் பின்னால் முகில் கறுத்திருந்தது. அவள் சோற்றுக் கரண்டியை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கினாள். காய்ந்த மண் இலேசில் விடவில்லை. அடிக்கட்டை முழங்காலில் குத்தியது. தேவெனின் கூடாரத்துக்கு மேட்டுப் பக்கம் வாய்க்காலைப் பிறைபோல வளைத்து, இரண்டு பக்கமும் கீழே இறக்கிவிட்டாள். கிண்டிய மண்ணைத் தூரக் கொண்டுபோய்க் கொட்டினாள். மேலே கொஞ்சம் வைக்கோல் தூவினாள்.

பிறகு குழாயடிக்குப் போய்க் கரண்டியைக் கழுவினாள்.

ஒரு தரம்தான்.