அதிபரின் கை

மேக்கப் போடுகிற என்னிடம், முகத்தைவிடக் கைதான் இன்று முக்கியம் என்றார்கள். அதிபரின் விரல்களுக்குப் பவுடர் பூசினேன். ஐஸ் கட்டி மாதிரி இருந்தன. அவர் கண் இமைக்கவே இல்லை.

"ஏசி அதிகமா இருக்கும்மா," என்றார் பக்கத்தில் நின்ற அவர் மனைவி.

கேமரா விளக்குகள் எரிந்ததும் அந்தக் கை எழுந்தது. மானியங்களை வெட்டும் சட்டத்தில் ஒரு கையெழுத்து, விதவைகளுக்கு உதவித்தொகை தரும் சட்டத்தில் இன்னொன்று. கைதட்டிவிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஒருத்தனாவது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பவுடரைத் துடைக்கப் போனேன். விரல்கள் பேனாவை விடவில்லை. மனைவி அவர் கண்களை மூடிவிட்டார்.

"நேத்தே போயிட்டாரும்மா. கையெழுத்து மட்டும் பாக்கி இருந்துச்சு."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அந்த உதவித்தொகை இன்னிலேருந்தா, நேத்துலேருந்தா?"