ழ வந்த வழி

பாப்புவாத் தீவில் ஒன்றுக்கொன்று உறவான நாலு மொழிகளை வைத்துக்கொண்டு, அவற்றைப் பெற்ற தாய்மொழி எப்படி ஒலித்திருக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் தெரு அக்காவின் வேலை. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே அம்மாவின் மூக்கை வரைகிற மாதிரி. வரைந்தும் விட்டாள். ஒரே சொல்லில், ஒரு மொழியில் ர, இன்னொன்றில் ல, மூன்றாவதில் ய. நாலாவதில், நம்புங்கள், சுத்தமான ழ. அப்படியானால் தாயிடம் இருந்தது ழதான், மற்ற மூன்றும் அதைத் தேய்த்துவிட்டன என்று அடித்துச் சொல்லி ஒரு புத்தகமே எழுதிவிட்டாள். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போகிறது. நம்ம ழ கடல் தாண்டியும் இருக்கு என்று அவள் அம்மா தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று.

நாலாவது மொழியைப் பேசிக் கொடுத்தவள் ஒரு நர்ஸ். அந்தத் தீவில் பிறந்து, இந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். டியூட்டி முடிந்ததும் வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு மைக் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். வருஷக்கணக்கான பழக்கம், கூடப்பிறந்தவள் மாதிரி ஆகிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவள் அக்கா வீட்டுச் சமையலறையில் காபி கலந்தபடி, தீவிலிருந்த தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்த அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்த சொற்கள் எல்லாம் வந்தன, ழ மட்டும் வரவேயில்லை. அந்த இடத்தில் நாக்கு லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டு ஓடியது. அது ல-வும் இல்லை, ர-வும் இல்லை.

"எங்கிட்ட வேற மாதிரி சொல்வியே?"

"உங்கிட்ட அப்படித்தான்க்கா. முதல் நாள், மைக் வைக்கறதுக்கு முன்னாடி, எங்க சொல்லை நீ சொல்லிச் சொல்லிப் பார்த்தே. அந்தத் தட்டு வரலை, உங்க ழ-தான் வந்துச்சு. முகமே வாடிப்போச்சு. பாவமா இருந்துச்சு. சரி, இவ மாதிரியே சொல்லுவோம்னு ஆரம்பிச்சேன். பழகிடுச்சு."

அக்காவுக்கு விளங்கிவிட்டது. தன் வாயிலிருந்து விழுந்ததையே பொறுக்கியெடுத்து, தாய் வீட்டு நகை என்று இத்தனை நாள் பூட்டி வைத்திருந்திருக்கிறாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"தப்பு பண்ணிட்டேனாக்கா?"

"தப்பு என்னுது. வா, மறுபடி சொல்லு. உன் தங்கச்சிகிட்ட சொல்ற மாதிரி."

இங்கேதான் வேடிக்கை. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நர்ஸின் நாக்கு தானாக மடங்கியது. சுவரைப் பார்த்துச் சொன்னாள், ழ. கண்ணை மூடிச் சொன்னாள், அப்போதும் ழ. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கடைசியில் தங்கையை மறுபடி போனில் பிடித்து, ரெக்கார்டரை ஓடவிட்டு, அக்கா வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நடையில் நின்றபடியே பதிப்பகத்துக்குப் போன் போட்டு, அச்சை நிறுத்தச் சொன்னாள். ஏன் என்று கேட்டார்கள். "அந்த ஒலி அங்கே இல்லை, என்னுது" என்றாள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

உள்ளே சொற்கள் மளமளவென்று வந்துகொண்டிருந்தன. ஒன்றில்கூட அக்காவின் சாயல் இல்லை. புத்தகம் போயிற்று. ஆனாலும் ஒருத்தி, இன்னொருத்தியின் முகம் வாடக் கூடாதென்று, தன் தாய்மொழியையே இத்தனை வருஷம் கோணலாகப் பேசியிருக்கிறாள். பெற்றவர்கள்கூட அக்காவுக்கு இப்படி விட்டுக்கொடுத்ததில்லை.

"முடிஞ்சுதுக்கா. உள்ள வா."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதவைத் திறக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் பேசு," என்றாள். "நான் வந்தா மாத்திடுவே."