எல்லாக் கட்டிலுக்கும் எழுபத்திரண்டு

விடுதியில் எனக்கு வைத்த பெயர் உளவுத்துறை. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நர்சிங் இரண்டாம் வருடத்தில் அதை முதலில் கவனித்ததும் நான்தான். வெள்ளம் வடிந்து வார்டுக்குத் திரும்பியதிலிருந்து என் அறைத்தோழி கோட்டான் எழுதும் நாடித்துடிப்பு எல்லாமே எழுபத்திரண்டு!

ஊமைக்கோட்டானின் சுருக்கம்தான் கோட்டான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அவளுக்கு. காய்ச்சலில் கொதிக்கிற பெரியவருக்கும் எழுபத்திரண்டு, அழுது அழுது முகம் வீங்கிய பெண்ணுக்கும் எழுபத்திரண்டு.

"என்னடி, வார்டு மொத்தமும் ஒரே தாளத்துல துடிக்குதா?" என்றேன்.

"உன் வேலையப் பாரு."

சோம்பேறி என்று நினைக்கவும் வழியில்லை. விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் உதறி மறுபடி விரிக்கிறவள். நோயாளியின் மணிக்கட்டைப் பிடிக்கிறாள், கடிகாரத்தைப் பார்க்கிறாள், ஆனால் எண்ணுவதே இல்லை, புத்தகத்தில் இருக்கிற சராசரியை எழுதிவிடுகிறாள். ஏன்? எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

அதற்குள் டியூட்டர் மேடமும் கண்டுபிடித்துவிட்டார். "பொய் எழுதற கை நோயாளி மேல படக்கூடாது. இன்னிக்கு இன்னொரு எழுபத்திரண்டு பார்த்தேன்னா, பெட்டியக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடு" என்றார்.

"சரி மேடம்" என்றாள் கோட்டான். அவ்வளவுதான். எனக்குத்தான் பகீரென்றது. மதியம் சாப்பிடாமல் துணி அறைக்குள் போனவளின் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினேன்.

"இந்தா, என் கையப் பிடிச்சு எண்ணு."

பிடித்தாள். சுட்டதுபோல் விட்டாள். "எது உன்னுது, எது என்னுதுன்னு தெரியலடி."

பிறகுதான் முத்து உதிர்ந்தது. வெள்ளத்தின்போது எங்களை வெவ்வேறு முகாம்களுக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் முகாமுக்கு ஒரு பெரியவரைத் தண்ணீரிலிருந்து தூக்கி வந்தார்களாம், கூடவே அவர் மகளும். டாக்டரின் படகு இன்னும் வந்து சேரவில்லை.

"விரலெல்லாம் விறைச்சுப் போயிருந்துச்சு. கட்டைவிரலால பிடிச்சிருக்கேன். மூச்சக்கூட சரியாப் பார்க்கல. துடிக்குதுக்கா, துடிக்குதுக்கான்னு அவங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். டாக்டர் வந்து தொட்டுப் பார்த்துட்டு, கொண்டு வரும்போதே உயிர் போயிருக்கும்னார்."

கட்டைவிரலால் பிடித்தால் நம் துடிப்பே நமக்குத் தட்டும். முதல் வருடத்தில் முதலில் சொல்லித் தருவதே அதுதான். உயிரோடு இருக்கிறார் என்று இவள் சொன்னது தன் நாடியை வைத்து.

உன் தப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எனக்குத்தான் நாக்கு சும்மா இருக்காதே. "அவ்ளோ நேரம் அந்தக்கா என்ன பண்ணாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

கோட்டான் நிமிர்ந்து பார்த்தாள். இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை போலும்.

"திட்டினாங்க."

"என்னது?"

"மூக்குக்கண்ணாடிய எடுக்கத் திரும்ப வீட்டுக்குள்ள போனாராம். ஒரு நாள் பேப்பர் படிக்காட்டி செத்தா போயிடுவ நீன்னு திட்டுறாங்க, அவர் காலத் தேச்சுவிட்டுக்கிட்டே." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதியிலேயே அழுகையாகிவிட்டது. "அப்புறம், ஊரெல்லாம் உன்னப் பெருமையாப் பேசியிருக்கேன்ப்பா, உன்கிட்டதான் சொன்னதில்லைன்னாங்க. அவர் கேக்குறார்னு நம்பித்தான் சொன்னாங்க. நான்தானே நம்ப வச்சேன்!"

அடுக்கிலிருந்து ஒரு தலையணை உறையை உருவி நீட்டினேன்.

"துவைச்சு வச்சதுடி."

"மூஞ்சியத் துடை முதல்ல. தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலையேன். மேடம் என்ன கடிச்சா தின்னுடுவாங்க?"

"நர்ஸ் எப்படித் தெரியலன்னு சொல்றது?"

"வாயாலதான்."

மதியத்துக்கு மேல், காலையில் அறுவை சிகிச்சை முடிந்த ஒரு அம்மாவின் கட்டிலுக்கு வந்தோம். தண்ணீர் வேண்டும் என்று முனகிக்கொண்டிருந்தார். மேடம் எங்கள் முதுகுக்குப் பின்னால். கோட்டான் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்தாள். நகர்த்தி வைத்தாள். பேனாவை எடுத்தாள். போச்சு, எழுதப்போகிறாள் என்று நான் பல்லைக் கடித்தேன்.

பேனாவைக் கீழே வைத்தாள். "மேடம், எனக்குத் துடிப்பு கிடைக்கல. நீங்க பாருங்க."

மேடம் சிடுசிடுத்தபடி மணிக்கட்டைப் பிடித்தார். சிடுசிடுப்பு போய்விட்டது. விரல்கள் கழுத்துக்குப் போயின. "பிபி இறங்குது! டாக்டரக் கூப்பிடு, ஓடு!"

ஓடினேன். டாக்டர் வந்தார், தள்ளுவண்டி வந்தது, அந்த அம்மாவை மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். வெளியே பெஞ்சில் இருந்த அவர் மகள் எழுந்து வந்து கோட்டானின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், அம்மாவுக்கு ஒண்ணுமில்லல்ல? நல்லாத்தானே இருக்காங்க?"

எனக்கு உயிரே போய்விட்டது. ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ? கோட்டான் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"தெரியலக்கா. உள்ள ரத்தம் கசியுதுன்னு கொண்டு போயிருக்காங்க. எனக்கு இப்ப அவ்ளோதான் தெரியும். வேற எது தெரிஞ்சாலும் மறைக்காம சொல்றேன்."

அந்தப் பெண் வாய்விட்டு அழுதார். பிடித்த கையை மட்டும் விடவில்லை. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, கொஞ்சம் நகர்ந்து, கோட்டானுக்கு இடம் விட்டார்.