கரி என்று சொன்னதும் தெரிந்த ஒளி

1

இந்தக் கதை ஒரு கண் மருத்துவமனையில் பிறந்தது. வியன்னாவில், ஆல்ஸர் வீதிப் பக்கம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருந்த கருவிக்குள் முகத்தை நுழைத்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். சமர்த்தாக அழுத்தினேன். முடிந்ததும் டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“நடுநடுவுல மெஷின் சும்மா சத்தம் மட்டும் போடும், லைட் வராது. அப்பவும் அழுத்தியிருக்கீங்களே!”

“எனக்குத் தெரிஞ்சுதே டாக்டர்.”

“தெரிஞ்சிருக்கும். அதான் பிரச்சினை.”

திரும்பி வரும்போது டிராமிலேயே ஒட்டிலி வாவ்ரா என் எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை, நான் உண்டாக்கியவள். ஆனால் இருட்டில் உட்கார்ந்து ஒளித்துளிகளை எண்ணிய பெண்கள் இந்த ஊரில் நிஜமாகவே இருந்தார்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘ஒட்டிலிக்கு இருட்டு பிடிக்கும், ஏனென்றால் இருட்டில் அவளை யாரும்—’

பாதியில் விட்டேன். அவளுக்கு இருட்டு பிடிக்காது. அது அவள் வேலை, அவ்வளவுதான்.

அடுத்தது: ‘1920களில் மனிதன் அணுவின் கதவைத் தட்டிக்கொண்டிருந்த—’

பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி. வேண்டாம்.

(நேராகவே சொல்லிவிடுகிறேன். அணு என்று ஒன்று இருக்கிறது என்றவர்களை ‘நேரில் பார்த்தீரா?’ என்று கேட்டு மடக்கிய ஊர் இது. அதற்கு ஒருவழியாகக் கிடைத்த பதில் ஒரு மினுக்கு. ரேடியத்திலிருந்து பாயும் துகள் ஒன்று துத்தநாக சல்ஃபைடு பூசிய திரையில் மோதினால் கண நேரம் பச்சையாய் மினுக்கும். ஒரு மினுக்குக்கு ஒரு துகள். அதைப் பார்க்கக் கருவி கிடையாது. அரை மணி நேரம் இருட்டில் ஊறிய மனிதக் கண்தான் வேண்டும். புதிய இயற்பியல் முழுக்க அந்தக் கண்களை நம்பி நின்றது.)

3

ஒட்டிலி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். ரேடியத் துகள் தாக்கினால் கரி அணுவின் கருவே உடையும், உடைந்த சில்லு திரையில் மினுக்கும் என்பது அவள் வழிகாட்டி டாக்டர் கிரென்மாயரின் கட்சி. இங்கிலாந்துக்காரர்கள், கரி உடையவே உடையாது என்கிறார்கள். மினுக்கை எண்ணித் தருபவர்கள் இரண்டு பேர்: ஒட்டிலி, அவள் தோழி ஃப்ரிட்ஸி. ஒரே திரையை இரு பக்கமிருந்தும் இரண்டு நுண்ணோக்கிகள் பார்க்கும். மினுக்கு தெரிந்தால் விசையை அழுத்த வேண்டும். பக்கத்து அறையில் ஓடும் காகித நாடாவில் இரண்டு பேனாக்கள் ஆளுக்கொரு கோடு போடும்.

ஒவ்வொரு முறையும் கருவிக்குள் ரேடியத்தின் முன்னால் வைத்திருப்பது எது என்று திரைச்சீலைக்கு வெளியிலிருந்து டாக்டர் உரக்கச் சொல்வார். “மெழுகு!” “வெறும் தட்டு!” “கரி!” சொன்னால்தான் எண்ணுகிறவர்கள் தூங்கிவிழாமல் இருப்பார்கள் என்பது அவர் எண்ணம். அதில் தப்பு இருக்கலாம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று மத்தியானமும் “கரி!” என்றார். மினுக்கியது. எண்ணினார்கள். நாடாவைப் பார்த்து டாக்டர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

ரேடியத்தை எடுத்து வைக்க ஒட்டிலி இடுக்கியோடு போனாள். கருவிக்குள் ரேடியம் இல்லை. ஈயப் பெட்டியைத் திறந்தாள். காலையில் வைத்த மேனிக்கு அது பெட்டியிலேயே இருந்தது. இங்கிலாந்திலிருந்து சோதித்துப் பார்க்க ஆள் வரப்போகிறார் என்ற பரபரப்பில் டாக்டர் அதை எடுத்து வைக்கவே மறந்திருக்கிறார்.

நடைவழியில் ஃப்ரிட்ஸியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏண்டி, உள்ள ரேடியமே இல்லடி.”

“அடிப்பாவி! ரேடியத்துக்கு லீவு கொடுத்துட்டு நாம வேலை பாத்திருக்கோமா?” ஃப்ரிட்ஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “களைப்புடி. எனக்குக் கூடத்தான் முந்தாநாள் சூப்புல மினுக்குச்சு.”

“நாடாவைப் பாத்தியா?”

“எதுக்கு?”

“உன் கோடும் என் கோடும் ஒரே இடத்துல விழுந்திருக்கு. எல்லாமே.”

ஃப்ரிட்ஸி சிரிப்பை நிறுத்தினாள்.

4

பயப்பட ஒன்றுமில்லை என்று இந்த இடத்தில் நான் சமாதானம் எழுதினேன். ஒருத்தி விசையைத் தட்டும் சத்தம் மற்றவள் காதில் விழுந்திருக்கும், கை தானாகப் போயிருக்கும். நல்ல விளக்கம். அதோடு கதையை முடித்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் எடுத்துப் பார்த்தால், அந்த விளக்கத்துக்குக் கீழே என் கையெழுத்திலேயே இன்னொரு பத்தி இருக்கிறது. எழுதிய ஞாபகம் எனக்கு இல்லை. அதை அப்படியே தருகிறேன்:

‘மறுநாள் ஒட்டிலி இரண்டு விசைகளுக்கும் அடியில் கம்பளித் துண்டு வைத்தாள். சத்தம் நின்றது. “இன்னிக்கு ரேடியத்தை நான் வெக்கிறேன் டாக்டர்” என்று சொல்லி, வைக்காமலே வந்து உட்கார்ந்தாள். ஃப்ரிட்ஸியிடம் சொல்லவில்லை. டாக்டர் “கரி!” என்றார். உள்ளே எதுவும் இல்லை என்பது ஒட்டிலிக்கு நன்றாகத் தெரியும். பச்சையாய் மினுக்கியது.’

நாடாவில் கோடுகள் சேர்ந்தே விழுந்திருந்தன.

விஷயத்தைக் கேட்டதும் ஃப்ரிட்ஸி அங்கேயே மேல்கோட்டை மாட்டிக்கொண்டாள்.

“நான் இனிமே உள்ள வர மாட்டேன்டி. எங்க அக்கா கடையில கையுறை வித்துப் பொழச்சுக்கிறேன்.”

“என்னைத் தனியா விட்டுட்டா?”

“நீயும் வந்துடு. அங்க வெளிச்சமா இருக்கும்.”

ஒட்டிலி போகவில்லை. (ஏன் போகவில்லை? மூன்று வரைவிலும் அவளை அனுப்பிவைக்கப் பார்த்தேன். மூன்றிலும் வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள். பிடிவாதக்காரி. இந்த ஆய்வேடு அவளுடைய நாலு வருஷம். அதைவிட, தன் கண் தன்னிடமே பொய் சொல்கிறதா என்று தெரியாமல் அவளால் வெளியே போக முடியாது. பாவமாக இருக்கிறது எனக்கு.)

5

“டாக்டர், ரேடியம் இல்லாமலே தெரியுதுங்க.”

கிரென்மாயர் காப்பியில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார். கெட்டவர் இல்லை அவர். கெட்டவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

“நல்லாத் தூங்குங்கம்மா.”

“தூங்கிட்டுதான் வந்தேன். இல்லாததும் தெரியுது, இருக்கிறதும் தெரியுது. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு.”

“வாவ்ரா, நாளைக்கு அந்த இங்கிலீஷ்காரர் வர்றார். உங்க ஆய்வேடு மொத்தமும் இந்தக் கரி மேலதான் நிக்குது. அது விழுந்தா நீங்களும் விழுவீங்க, நானும் விழுவேன். நாளைக்கு ஒரு நாள் எண்ணிக் குடுத்துடுங்க.”

அவர் கெஞ்சினார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

6

வந்தவர் பெயர் பர்க்கெட். மெலிந்த ஆள், மரியாதையானவர். உடைந்த ஜெர்மனில், ஒரே ஒரு சலுகை வேண்டும் என்றார்: உள்ளே வைப்பதும் நானே, பெயர் சொல்வதும் நானே. டாக்டரால் மறுக்க முடியவில்லை.

இனி முடிவு. இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) பர்க்கெட் “கரி” என்கிறார். ஒட்டிலிக்கு மினுக்குகிறது, அழுத்துகிறாள். கருவி காலி. ஆய்வேடு போயிற்று.

(ஆ) பர்க்கெட் “கரி” என்கிறார். ஒட்டிலிக்கு மினுக்குகிறது. தன் கண்ணை நம்பாமல் அழுத்தாமலிருக்கிறாள். உள்ளே ரேடியம் இருந்திருக்கிறது, கரியும் இருந்திருக்கிறது. ஆய்வேடு போயிற்று.

இரண்டிலும் அவளுக்குத் தெரிந்தது அதே மினுக்குத்தான். தெரிந்ததைச் சொல்வதுதான் நேர்மை என்று படித்து வளர்ந்தவள் அவள். எதைச் செய்தால் நேர்மை என்று அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. எனவே இரண்டையும் அடித்துவிட்டேன்.

7

அரை மணி நேர இருட்டு முடியப்போகிறது. திரைச்சீலைக்கு வெளியே பர்க்கெட்டின் குரல் கேட்கிறது.

“ரெண்டாவது ஆள் எங்கங்க? ஒருத்தர் எண்ணுறதை மட்டும் நான் எப்படி எடுத்துக்கிறது?”

ஃப்ரிட்ஸியின் நாற்காலி காலியாக இருக்கிறது. நான் உட்காரக் கூடாது. அவர் என்ன வைத்தார், வைத்தாரா என்பது எனக்குத் தெரியும். தெரிந்தவன் எண்ண லாயக்கில்லாதவன்.

நீங்கள் உட்காருங்கள். யோசிக்க வேண்டாம், உங்கள் கண் இந்நேரம் ஊறியிருக்கும். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகளைத் தவிர இங்கே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்திருப்பதை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“கரி” என்கிறார் பர்க்கெட்.

திரையின் இடது ஓரத்தில், கீழே.

ஒட்டிலி விசையின் மேல் விரலை வைத்திருக்கிறாள், அழுத்தவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு உங்கள் பக்கம் திரும்புகிறாள்.

“உங்களுக்கும் தெரிஞ்சுதாங்க?”