விடாத கை

போன் வந்தபோது தம்பிக்காரன் பிணவறையில் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"அத்தான் தூக்கத்துலயே போயிட்டாருடா," என்றாள் அக்கா. "என் கைய விடமாட்டேங்கிறாரு. வா."

போய்ப் பார்த்தால் சொன்னது சொன்னபடியே இருந்தது. கட்டிலில் அத்தான் விறைத்துக் கிடந்தார். அவருடைய விரல்கள் அக்காவின் மணிக்கட்டைச் சுற்றி இறுகியிருந்தன. அவள் பக்கத்திலேயே ஒருக்களித்துக் கிடந்தாள். கை தானாகத் தளரும் என்று சொல்லிவிட்டு டாக்டர் போயிருந்தார்.

மாமியார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "எவனும் என் புள்ள விரல ஒடிக்கக் கூடாது. விட்டுட்டுப் போறேன்னு நேத்து பெட்டி கட்டினா. அவன் விடல. அவ்வளவுதான்."

"கூடவே கூட்டிட்டுப் போகப் பாக்குறாரா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "உசுரோட இருந்தப்ப ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனதில்ல."

தம்பி கதவைச் சாத்தினான்.

"அவங்க சொல்றது நெசமாடா?" அக்காவின் உதடு வெளுத்திருந்தது. "பெட்டியப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. படுத்தப்புறம்தான் கையப் பிடிச்சாரு. நானும் உதறல. இப்போ கண்ண மூடினா பிடி இன்னும் இறுகுது. சத்தியமா."

படிப்பைப் பாதியில் விட்ட தம்பிக்கு, செத்த உடம்பு ஏன் விறைக்கிறது என்ற பாடம் ஒன்றுதான் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சதை நாணேத்தி வச்ச வில்லு மாதிரிக்கா. பிடிக்கிறது தானா நடக்கும். விடுறதுக்குத்தான் செலவு. ஏடிபின்னு ஒரு சரக்கு உடம்புல இருக்கு. அது வந்து ஒட்டினாத்தான் பிடி விடும், அது உடைஞ்சாத்தான் வில்லு மறுபடி நாணேறும். கப்பியில ஒரு பக்கம் கல்லு இறங்கினா மறுபக்கம் வாளி ஏறுதில்ல? வாளி தானா ஏறாது. மூச்சு நின்னா சரக்கு தீர்ந்துடும். அந்தச் சரக்குதான் கல்லு. அது இல்லாம வாளி நின்ன இடத்துலயே நிக்குது. இப்போ பிடிச்சிருக்கிறது அத்தான் இல்ல."

"அப்போ விடணும்னு நினைச்சாலும் முடியாது."

"முடியாது."

"பிடிக்கணும்னு நினைச்சாரா?"

அந்தக் கேள்விக்கு எந்தப் பாடத்திலும் இடமில்லை.

"தானா எப்போ தளரும்?"

"நாளைக்கு. சதை அழுக ஆரம்பிச்சதும்."

"அது விடுறது இல்லடா. அழுகுறது."

பிணவறையில் செய்வதுபோல அவன் அத்தானின் சுண்டுவிரலில் கைவைத்தான். ஒடிக்க வேண்டியதில்லை. நிதானமாக வளைத்துக்கொண்டே இருந்தால் விறைப்பு உடையும், உடைந்தது திரும்பாது. அக்கா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"அவருகிட்டதான் அந்தச் சரக்கு தீர்ந்துபோச்சு. எங்கிட்ட இருக்கில்ல? நான் செலவு பண்றேன்."

இடது கையால் அவளே பிரித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக. அத்தானின் தோல் சில்லென்றிருந்தது. அவளுக்கோ வியர்த்துக் கொட்டியது.

"உள்ள என்னடி பண்றீங்க?" கதவு தட்டப்பட்டது.

"விடுறாரு அத்தை," என்றாள் மூச்சு வாங்க.

கட்டைவிரலும் விலகியது. திறந்த உள்ளங்கையில் அவளுடைய மணிக்கட்டு அப்படியே கிடந்தது. அதை இப்போது எதுவும் பிடித்திருக்கவில்லை.

"கைய எடுக்கா," என்றான்.

"இரு," என்றாள்.